மண்டபத்தில் யாரும் பூட்டை உடைத்துக் கேமரா திருடுவதில்லை

கல்யாண மண்டபத்தில் கேமரா திருடுகிறவன் பூட்டை உடைப்பதில்லை. வெள்ளைச் சட்டை, வேட்டியோடு வருகிறான், முடிந்தால் ஒரு பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறான், மேடைக்குப் பின்னால் கிடக்கும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வழியாகவே போகிறான். மாப்பிள்ளை வீட்டார் அவனைப் பெண் வீட்டு ஆள் என்று நினைப்பார்கள், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைப்பார்கள். ஆனால் எனக்குத் தெரிந்த ஸ்டூடியோக்காரர்கள் பலர் எடுத்து வைத்திருப்பது, பூட்டை உடைத்துத் திருடினால் மட்டும் பணம் தரும் பாலிசி. வருஷா வருஷம் பணம் கட்டியும் கேமரா போன அன்றைக்கு ஒன்றும் கிடைக்காமல் போவது இதனால்தான்.

மதுரையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வேலைதான் பிரதானம். வேலை இல்லாத நாட்களில் கேமரா பாடி, லென்ஸ், கேமரா ஆடாமல் பிடிக்கும் கிம்பல் வாடகைக்கும் விடுகிறேன். தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகள் "அண்ணே, எந்த இன்சூரன்ஸ் எடுக்கலாம்?" என்று கேட்கும்போதெல்லாம் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

எந்தப் பாலிசி

கடைக்கு எடுக்கும் பர்க்ளரி (கன்னக்களவு) பாலிசியில், பலவந்தமாக உள்ளே நுழைந்தோ வெளியேறியோ நடந்த திருட்டுக்கு மட்டும் என்று ஒரு வரி இருக்கும். ஷட்டர் நெளிந்திருக்க வேண்டும், பூட்டு உடைந்திருக்க வேண்டும். அதுவும் பாலிசியில் எழுதிய முகவரிக்குள். திருப்பரங்குன்றத்து மண்டபத்தில் போன கேமராப் பைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வீட்டுக்கு எடுக்கும் பாலிசியும் பொதுவாகத் தொழிலுக்குப் பயன்படும் பொருளைச் சேர்த்துக்கொள்ளாது. கேமரா வாங்கும்போது கடைக்காரர் தலையில் கட்டும் எக்ஸ்டெண்டட் வாரண்டி என்பது ரிப்பேருக்கானது. திருட்டு அதில் வராது.

கேட்டு வாங்க வேண்டியவை இரண்டு. ஒன்று, விலக்கு என்று எழுதியவை தவிர மற்ற ஆபத்துகளுக்கெல்லாம் பணம் தரும் ஆல் ரிஸ்க் பாலிசி. இன்னொன்று, எலக்ட்ரானிக் எக்யூப்மென்ட் பாலிசி. இரண்டாவதில் மூன்று பிரிவுகள் உண்டு: முதல் பிரிவு கருவிக்கு, இரண்டாவது அதில் பதிந்த தகவலுக்கு, மூன்றாவது மாற்றுக் கருவி வைத்து வேலையை ஓட்ட ஆகும் கூடுதல் செலவுக்கு. மூன்றையும் எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் கேமராவைக் கடைக்கு வெளியே கொண்டுபோவதற்கான எண்டார்ஸ்மென்ட்டை, அதாவது பாலிசியோடு இணைக்கும் கூடுதல் ஷரத்தை, சேர்த்து எழுதச் சொல்ல வேண்டும். அது இல்லாவிட்டால் ஸ்டூடியோவுக்குள் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டருக்கு எழுதிய பாலிசியாகவே அது இருக்கும்.

ஏஜென்ட்டிடம் கேட்டால் "எல்லாம் கவர் ஆகும் சார்" என்பார். நல்ல மனிதராகவே இருக்கலாம், ஆனால் போனில் சொன்னது கிளைம் நேரத்தில் செல்லாது. மெயிலில் கேளுங்கள், பதிலையும் மெயிலில் வாங்குங்கள். பூட்டு உடைபடாத திருட்டுக்குப் பணம் உண்டா? இந்தியா முழுக்க எங்கே போனாலும் செல்லுமா? காரில் வைத்திருந்தபோது போனால் என்ன நிபந்தனை? என்னிடம் வேலை செய்யும் பையனே எடுத்துக்கொண்டு போனால்? பழசான அளவுக்கு விலையில் கழித்துத் தருவீர்களா, புதுசு வாங்கும் விலை தருவீர்களா? ஒவ்வொரு கிளைமிலும் என் கையிலிருந்து எவ்வளவு? இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தராத ஏஜென்ட்டை விட்டுவிடலாம்.

காரைப் பற்றிக் கேட்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நம் நாட்டு ஆல் ரிஸ்க் பாலிசிகளில் வழக்கமாக வரும் விலக்கு இது: முழுக்க மூடிய சலூன் வகைக் காராக இருந்து, எல்லாக் கதவும் கண்ணாடியும் சரியாகப் பூட்டியிருந்தால் மட்டுமே காரிலிருந்து போன பொருளுக்குப் பணம். ஏசி வேலை செய்யவில்லை என்று கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைத்துவிட்டு விக்கிரவாண்டியில் டீ குடிக்க இறங்கினால் கதை முடிந்தது. திறந்த வண்டியில் லைட்டும் பையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு இந்த விலக்கு இன்னும் கஷ்டம்.

தொகையைக் குறைத்து எழுதிப் பிரீமியத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்களிடம் மொத்தம் 6,00,000 ரூபாய்க்குச் சாமான் இருக்கிறது, பாலிசி 3,00,000-க்கு எடுத்திருக்கிறீர்கள். 1,20,000 ரூபாய் லென்ஸ் ஒன்று போகிறது. 'மூன்று லட்சத்துக்கு இருக்கிறதே, முழுசும் வரும்' என்று நினைப்பீர்கள். வராது. பாதிதான் இன்சூர் செய்திருக்கிறீர்கள் என்பதால் கணக்கே 60,000-இல் தொடங்கும். அதிலிருந்து உங்கள் பங்கு கழியும். எலக்ட்ரானிக் எக்யூப்மென்ட் பாலிசியில் தொகை என்பது அதே பொருளை இன்று புதிதாக வாங்கும் விலையாக இருக்க வேண்டும், நீங்கள் செகண்ட் ஹேண்டில் கொடுத்த விலை அல்ல. ஒவ்வொரு பாடியையும் லென்ஸையும் தனி வரியில், சீரியல் எண்ணோடு, தனித் தொகையோடு எழுதச் சொல்லுங்கள். 'கேமராவும் துணைக் கருவிகளும்' என்று ஒரே வரியில் எழுதிய பாலிசியைப் பார்த்தால், நஷ்டத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயருக்குச் சந்தோஷம், நமக்கு இல்லை.

பில்லும் சீரியல் எண்ணும்

இது சலிப்பான வேலை, ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். சீரியல் எண் பாடியின் அடியில் இருக்கும், சில மாடல்களில் திருப்பும் ஸ்கிரீனுக்குப் பின்னால். லென்ஸில் மவுண்ட் பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும். ஸ்டிக்கராக ஒட்டியது என்றால் வியர்வைக் கை பட்டுப் பட்டு இரண்டு சீசனில் அழிந்துவிடும், அதற்குள் படம் எடுத்துவிட வேண்டும். ஜன்னல் ஓரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி செல்போனில் எடுங்கள், செதுக்கிய எழுத்து தெளிவாகத் தெரியும். பெட்டியில் ஒட்டியிருக்கும் லேபிள், ஜிஎஸ்டி பில், பொருள் மூன்றையும் ஒரே படத்தில் வைத்து இன்னொரு படம். எல்லாவற்றையும் உங்களுக்கே ஒரு மெயிலாக அனுப்பிவிடுங்கள். திருட்டுப் போன லேப்டாப்புக்குள் இருந்த பட்டியலால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

சீரியல் எண் எடுத்து வைக்காதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. கேனான், நிக்கான் பாடிகளில் எடுத்த பழைய படத்தின் எக்ஸிஃப் தகவலில் (படக் கோப்புக்குள் கேமரா தானே எழுதி வைக்கும் விவரம்) பாடியின் சீரியல் எண் பதிந்திருக்கும். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் அந்தப் படத்தைத் திறந்தால் தெரியும். எடிட் செய்து வாட்ஸப்பில் அனுப்பிய படத்தில் இருக்காது, கேமராவிலிருந்து வந்த மூலப் படம் வேண்டும்.

பில் யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். நம் தொழிலில் இஎம்ஐ மச்சான் பெயரில் இருக்கும், பில்லும் அவர் பெயரிலேயே வந்திருக்கும், பாலிசி ஸ்டூடியோ பெயரில் இருக்கும். பொருள் உங்களுடையது என்று காட்ட முடியாவிட்டால் கிளைம் அங்கேயே நின்றுவிடும். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது பழைய பில்லின் நகல், விற்றவரின் அடையாள அட்டை, சீரியல் எண் போட்ட கையெழுத்துச் சீட்டு மூன்றும் வாங்குங்கள். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவோ யுபிஐயிலோ அனுப்புங்கள். பெட்டியும் பில்லும் இல்லாமல் பாதி விலைக்கு வருகிற பாடியைத் தொடவே வேண்டாம். அது இன்னொரு போட்டோகிராபர் தேடிக்கொண்டிருக்கும் கேமராவாக இருக்கலாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவதும் குற்றம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 317-ஆம் பிரிவு.

மண்டபத்துக்குள்

செல்போன் திருடுபோனால் ஐஎம்இஐ எண்ணை வைத்து மத்திய அரசின் சிஇஐஆர் தளத்தில் முடக்கலாம். கேமராவுக்கு அப்படி எதுவும் கிடையாது. எடுத்தவன் கையில் அது வேலை செய்துகொண்டேதான் இருக்கும். அதனால் போகாமல் பார்த்துக்கொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது.

மண்டபத்தில் பை தனியாகக் கிடக்கும் நேரங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். மாப்பிள்ளை அழைப்பு: டீம் முழுக்க வாசலில் நிற்கும், பை மேடைக்குப் பின்னால். தாலி கட்டும் நேரம்: கெட்டிமேளம் கொட்டும்போது மண்டபத்தில் ஒருவர் கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், நம் லைட் பையன் உட்பட. கடைசிப் பந்தி: 'எல்லாரும் ஒண்ணா சாப்பிட்டுடுங்க தம்பி' என்று பெண்ணின் சித்தப்பா அன்பாகக் கையைப் பிடித்து இழுப்பார். அப்புறம், ரிசப்ஷன் முடிந்து பதினொன்றரை மணியிலிருந்து விடிகாலை முகூர்த்தம் வரைக்கும். நான் அதிகம் பயப்படுவது இந்த நேரத்துக்குத்தான். மண்டபத்துக் கதவு திறந்தே இருக்கும், பூக்காரர், காய்கறி வண்டி, சமையல் ஆட்கள் என்று வருகிறவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள், நாம் ஜமுக்காளத்தில் பிணம் போலத் தூங்குவோம், பக்கத்தில் நான்கு பேட்டரி சார்ஜில் போட்டிருக்கும்.

என் டீமில் உள்ள வழக்கத்தைச் சொல்கிறேன். ஒரு பைக்கு ஒரு பொறுப்பாளி. 'எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்' என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். பையின் மூடிக்கு உட்புறம் என்னென்ன இருக்க வேண்டும் என்று எழுதி லேமினேட் செய்து ஒட்டியிருக்கிறோம். இடம் மாறும்போதெல்லாம் பொறுப்பாளி அதைப் பார்த்துக் கை வைத்து எண்ண வேண்டும். சாப்பாட்டுக்குப் பாதிப் பாதியாகத்தான் போவோம், சித்தப்பா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. தாலி கட்டும்போது லைட் பையன் பையின் வாரைக் காலில் மாட்டிக்கொண்டு நிற்பான். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் பையை நகர்த்தினால் அவன் கால் சேர்ந்து நகரும். ராத்திரி பேட்டரி தவிர எதுவும் வெளியே இருக்காது. பையை ஒயர் பூட்டால் கட்டிலின் காலோடு பூட்டி, பக்கத்திலேயே படுப்போம். மெமரி கார்டுகள் மட்டும் பைக்குள் இருக்கக்கூடாது. ராத்திரியே லேப்டாப்பில் ஏற்றிவிட்டு, கார்டு பர்ஸை நான் இடுப்பில் கட்டிக்கொள்வேன். இரண்டு ஸ்லாட் உள்ள பாடியில் இரண்டிலும் எழுதச் செய்யுங்கள். கேமராவுக்குப் பாலிசி பணம் தரும், போன முகூர்த்தத்தை அந்தக் குடும்பத்துக்கு யாரும் திருப்பித் தர முடியாது. அவர்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

சீர்வரிசையும் நகையும் வைக்கும் அறைக்குப் பூட்டு இருக்கும். அங்கே நம் பையையும் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நாளைக்கு ஒரு மோதிரம் காணவில்லை என்றால் 'போட்டோக்காரப் பையன்தான் அடிக்கடி உள்ளே போய் வந்தான்' என்று முதல் விரல் நம் பக்கம் நீளும். மண்டபத்து ஆபீஸ் பீரோவில் இடம் கேளுங்கள், மேனேஜர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை.

வாடகைக்குக் கொடுக்கிறவர்களுக்கு

இதில் இன்சூரன்ஸை நம்பவே வேண்டாம். நீங்களே கையில் எடுத்துக் கொடுத்த பொருளை ஒருவன் திருப்பித் தராமல் போனால், சட்டத்தில் அது திருட்டுப் பிரிவில் வருவதில்லை. நம்பிக்கை மோசடி, ஏமாற்று, அதே நியாய சன்ஹிதாவின் 316, 318 பிரிவுகள். பாலிசி திருட்டுக்கு மட்டும் எழுதியது என்றால் அங்கேயே கையை விரித்துவிடுவார்கள். வேலையாள் எடுத்துப் போனாலும் வழக்கமாக இதே பதில்தான்.

ஏமாற்றுகிறவன் வரும் விதம் பழகியதுதான். சனிக்கிழமை சாயங்காலம் போன் வரும். "அண்ணா, ஊட்டில ப்ரீ வெட்டிங், ரெண்டு நாள்தான், ஒரு பாடி, 85, 70-200 லென்ஸ் வேணும்." குரலில் அவசரம், வாடகையில் பேரமே இருக்காது. பேரம் பேசாத வாடகைக்காரனை நான் சந்தேகப்படுவேன். ஆதார் ஜெராக்ஸ் தருவான், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அட்டையில் உள்ள கியூஆரை ஆதார் செயலியில் ஸ்கேன் செய்தால் உண்மையான பெயரும் படமும் வரும், எதிரே நிற்பவனின் முகத்தோடு ஒத்துப்பார்க்கலாம். எந்த ஸ்டூடியோவுக்கு வேலை செய்கிறான் என்று கேட்டு, அவன் தரும் எண்ணுக்கு இல்லாமல், கூகுள் மேப்பில் அந்த ஸ்டூடியோவுக்குப் போட்டிருக்கும் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பொருளைக் கையில் பிடித்தபடி அவனைக் கடைக்குள் நிறுத்திப் படம் எடுங்கள், நேர்மையான பையன் கோபப்பட மாட்டான். சீரியல் எண், திருப்பித் தரும் நாள், நேரம் எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள். முதல் தடவை வருகிறவனுக்கு விலை உயர்ந்த லென்ஸ் தருவதில்லை. வேண்டுமானால் என் பையன் ஒருவன் கூடவே வருவான், அவனுக்கும் சம்பளம் கொடுங்கள் என்பேன். பாதிப் பேர் அத்தோடு போனை வைத்துவிடுவார்கள்.

பயணத்தில்

பாண்டியன் எக்ஸ்பிரஸில் போனால் மேல் பெர்த் எடுத்துப் பையைத் தலைமாட்டில் வையுங்கள். கீழ் பெர்த்தின் அடியில் இருக்கும் வளையத்தில் சங்கிலி போட்டுப் பூட்டுவது டிரைபாட், லைட் ஸ்டாண்டுக்கு. பை போனால் ரயில்வேயிடம் பணம் கேட்கலாம் என்று நினைக்காதீர்கள்: புக் செய்யாமல் நாமே கையோடு கொண்டுபோகும் சாமானுக்கு, அவர்கள் பக்கம் கவனக்குறைவு என்று நிரூபித்தால் ஒழிய, ரயில்வே பொறுப்பில்லை என்று 1989-ஆம் வருஷ ரயில்வே சட்டத்தின் 100-ஆம் பிரிவு சொல்கிறது. பயணியின் பணம் திருடுபோன வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றமும் அதைச் சேவைக் குறைபாடாக ஏற்கவில்லை. ஆனால் எஃப்ஐஆர் அவசியம். அதற்காக நடுவழியில் இறங்க வேண்டியதில்லை, டிக்கெட் பரிசோதகரிடம் எஃப்ஐஆர் படிவம் கேளுங்கள், ரயில்வே உதவி எண் 139-க்கும் கூப்பிடுங்கள்.

விமானத்தில் பாடியும் லென்ஸும் உங்களோடு கேபினில். தனியாக இருக்கும் லித்தியம் பேட்டரிகளைச் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது, அது விதி. ஆம்னி பஸ் டிக்கியில் கேமராப் பை போடுகிறவர்களிடம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

பொருள் இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் ஏர்டேக் போன்ற சில்லு நல்லதுதான். பையில் போட்டால் பையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பாடியை எடுத்துக்கொள்வான். கேமராவைச் சுற்றி மாட்டும் கேஜிலோ டிரைபாட் பிளேட்டிலோ மறைத்துப் பொருத்தும் ஹோல்டர்கள் கிடைக்கின்றன. பக்கத்தில் ஐபோன் வைத்திருப்பவர்கள் இருந்தால்தான் அது இடம் காட்டும், அதனால் ஊருக்கு வெளியே போனால் மெளனம்தான். திருடன் போனுக்கும் 'உன்னோடு ஒரு டேக் வருகிறது' என்று எச்சரிக்கை போகும் என்பதை மறக்க வேண்டாம். இடம் தெரிந்தால் நீங்களே போய்க் கதவைத் தட்டாதீர்கள், ஸ்டேஷனில் காட்டுங்கள்.

போய்விட்டால்

முதலில் மண்டபத்து சிசிடிவி. டிவிஆரில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிக்கொண்டே இருக்கும். அன்றைக்கே மேனேஜரிடம் கேட்டு, பென்டிரைவில் தராவிட்டால் திரையில் ஓடுவதைச் செல்போனிலாவது பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டூடியோ பூட்டு உடைந்திருந்தால், படம் எடுக்கும் முன் புதுப் பூட்டு போடாதீர்கள்.

அடுத்து ஸ்டேஷன். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: எந்த இடத்தில் வைத்திருந்தீர்கள், யார் பொறுப்பு, எத்தனை மணிக்குக் கடைசியாகப் பார்த்தீர்கள், ஒவ்வொரு சீரியல் எண்ணும். 'கேமரா தொலைந்துவிட்டது' என்று எழுதச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள் என்றால் அது திருட்டு, அப்படியே எழுத வேண்டும். தொலைந்த பொருள் என்று பதிவானால் இன்சூரன்ஸ் கம்பெனி அந்தச் சொல்லையே பிடித்துக்கொள்ளும். முதலில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது தருவார்கள். அது போதாது, எஃப்ஐஆர் வேண்டும், அதன் நகல் உங்களுக்கு இலவசம். எல்லை எங்களுடையது இல்லை என்று சொன்னால், எந்த ஸ்டேஷனிலும் பதியக்கூடிய ஜீரோ எஃப்ஐஆர் கேளுங்கள். 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. பதிய மறுத்தால் எஸ்பிக்கோ கமிஷனருக்கோ எழுத்தில் அனுப்பலாம். தமிழ்நாடு போலீஸ் தளத்தில் தொலைந்த ஆவணங்களுக்கு ஆன்லைனில் எடுக்கும் ரிப்போர்ட் பாஸ்போர்ட், ஆர்சி புத்தகம் மாதிரி விஷயங்களுக்கானது, கேமரா கிளைமுக்கு உதவாது.

அதே நாளில் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போனிலும் மெயிலிலும் சொல்லிவிடுங்கள். சர்வேயர் வருவார். கேட்டதைக் கொடுங்கள், கேட்காததைப் பேச வேண்டாம், எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பொருள் கிடைக்கவில்லை என்று போலீஸ் தரும் சான்றுதான் நாளாகும். அதைக் கேட்டு ஸ்டேஷனுக்கு நடக்கச் சலித்துக்கொள்ளக் கூடாது. பணம் வாங்கிய பிறகு கேமரா கிடைத்தால் அது கம்பெனிக்குச் சேரும். பணம் வாங்கும் முன்பே கிடைத்தால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போட்டு எடுக்க வேண்டும், அங்கேயும் அந்த பில்தான் பேசும்.

கிளைமை மறுத்தால் முதலில் அந்தக் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும், சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை, தனி ஆளாக நடத்தும் ஸ்டூடியோவும் போகலாம், ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 155255 எண்ணிலும் புகாரைப் பதியலாம்.

பாலிசியைப் புதுப்பிக்கும் தேதியை ஆனிக் கடைசிக்கு வருமாறு அமைத்துக்கொள்ளுங்கள். வைகாசி, ஆனி முகூர்த்தப் பணம் கையில் இருக்கும்போதே பிரீமியமும் அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் கட்டிவிடலாம். ஆடியில் கல்யாணம் இல்லை, சாமான்களை எல்லாம் வெளியே எடுத்து வைத்து, விற்றதை அடித்து, புதிதாக வாங்கியதைச் சேர்த்து, இன்றைய விலையைப் போட்டு, மாற்றம் இருந்தால் எண்டார்ஸ்மென்ட் கேட்டு ஒரு மெயில் அனுப்ப நேரம் இருக்கும்.